ஏழாம் ஷரத்து

கிட்டார் வேண்டாம் எனக்கு.
வியர்வை காய்ந்த சட்டை, உடைந்த டிரம் குச்சி,
முகம் பார்த்துச் சிரித்தபடி போட்டுக் கொடுத்த ஆட்டோகிராஃப்
எதுவும் வேண்டாம்.
ரசிகனுக்குப் போடுவது காற்றில் ஆட்டிய கை.
கடன்காரனுக்குப் போடுவதுதான் கையெழுத்து:
அங்கேதான் பேனா ஒரு நொடி நிற்கும்,
மை ஊறும்.

அதனால் கிரிம்ஸ்பியில், மீன் ஏலக் கூடத்துக்குப் பின்தெருவில்,
மாடியறை முழுக்க நான் சேர்த்து வைத்திருப்பது
டின் கதீட்ரல் குழுவின் வரவு செலவு.
வேன் வாங்கிய தவணைப் பத்திரம், 1968.
மேடைப் புகைக்காக உலர்பனிக்கட்டி
பதினாலு மூட்டை வாங்கிய ரசீது.
பாடகன் தன் தொண்டையை
இருபதாயிரம் பவுண்டுக்குக் காப்பீடு செய்த விண்ணப்பம்.
புகைப்பழக்கம் உண்டா? இல்லை.
பச்சைப் பொய், பச்சை மையிலேயே.

ஹல் நகரத்துக் கடையொன்றுக்கு ஒன்பது பவுண்டு காசோலை,
நால்வரும் தின்ற வறுத்த மீனுக்கு.
கடைக்காரர் அதை வங்கியில் போடவேயில்லை,
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.
ஆக, சாப்பாடு இனாம்.
தங்கள் பெயருக்கு இவ்வளவு விலையா என்று
அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்திருக்கும்;
அடுத்த வாரமே பத்துக் கடைக்குக் காசோலை.

எல்லாத் தாளிலும் நான் தேடுவது டிரம்மரை.
கென்னத் ஆர்தர் டெட்லோ.
மற்ற மூவரும் மூன்றே வருடத்தில்
கோழி கிளறிய கோடாகிவிட்டார்கள்.
இவன் மட்டும், வேன் பத்திரத்திலும் சரி,
குழு கலைந்த ஒப்பந்தத்திலும் சரி,
நடுப்பெயரை விடாமல்,
எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு,
பரீட்சைத் தாளில் எழுதுகிற பையன் போல.
அந்தக் கடைசி ஒப்பந்தத்தில்
ஆர்தர் மேல் வட்டமாக ஒரு கறை.
தேநீர் என்கிறது ஏலக் குறிப்பு.
வேறு ஏதாவதாக இருக்கட்டுமே என்று
முகர்ந்து பார்த்தேன்.
தேநீர்தான்.

போன நவம்பரில் ஜோஸி டெட்லோ வந்தாள்.
ஐம்பது வயது. பேக்கரிச் சீருடை.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"அப்பாவோட ஒப்பந்தம் உங்ககிட்ட இருக்காமே."
எடுத்து வைத்தேன், பெருமையாகத்தான்.
அவள் கையெழுத்தைப் பார்க்கவேயில்லை.
விரல் நேராக ஏழாம் ஷரத்துக்குப் போனது.

பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் இருக்கிற தாள்.
ஏழாம் ஷரத்தை நான் படித்ததில்லை.
எல்லாப் பாட்டின் உரிமையிலும்
நால்வருக்கும் சமபங்கு,
அவர்களுக்குப் பின் வாரிசுகளுக்கு.
டயர் விளம்பரத்தில் இன்றும் ஓடுகிறது அதில் ஒன்று;
தொடக்கத்து எட்டுத் தட்டு அவள் அப்பாவுடையது.
வருகிற பணமோ மூன்றாகத்தான் பிரிகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது
என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் சேர்த்தேன்.
இவளானால் பாத்திரத்தோடு வந்து நிற்கிறாள்.

நகல் தருகிறேன் என்றேன்.
வக்கீல் மூலத்தைக் கேட்கிறாராம்.
ஆயிரத்து நானூறு பவுண்டு கொடுத்து வாங்கினேன் என்றேன்.
"தவணையில தரலாமா?"
கெஞ்சவில்லை. கடையில் விலை கேட்கிற குரல்.
கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
நான் தேநீர் ஊற்றவில்லை,
தாள் மேசைமேல் இருந்தது.

இரவல்தான், வழக்கு முடிகிற வரைக்கும் என்றேன்.
"எழுதித் தந்துடறேன்," என்றாள் அவளே.
என் கடைச் சீட்டின் பின்பக்கம், என் பேனா:
திரு நெவில் கார்ட்ரைட்டிடமிருந்து ஓர் ஒப்பந்தம்,
நான்கு பக்கம், ஒரு கறை,
பெற்றுக்கொண்டேன். திருப்பித் தருவேன்.
கீழே பெயர்.
அப்பாவைப் போல இல்லை,
கோழிக் கிளறல், ஓரெழுத்தும் புரியவில்லை.
ஒரு கறை என்பதை மட்டும்
தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தாள்.

காலியான உறையில் அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்.
திருப்பினால் என் கையெழுத்து:
முட்டை, சோப்பு, பூனைக்கு மீன்.
வழக்கு ஏப்ரலுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.